ஐந்தாம் தட்டு

அட்டலாயா கடற்கரையில்
இளநீர் குடித்தவர்கள் எறிந்துபோன மட்டை
வாரத்துக்கு நாலு சாக்கு.
ரோசெனில்டோ தள்ளுவண்டியில் கொண்டுவந்து
ஆய்வகத்துப் பின்வாசலில் சாய்த்துவிட்டுக் கேட்பான்:
"போன மாசத்து மட்டை கார் சீட் ஆயிடுச்சா, எடிவானியா?"
இன்னும் நாராகவே ஆகவில்லை, என்பேன்.

நார் லேசில் எதனோடும் ஒட்டாது.
மேலெல்லாம் மெழுகு,
மரம் தனக்கென்று பூசிக்கொண்ட மழைக்கோட்டு.
பிசினில் புதைத்து, இறுகவிட்டு,
ஒரு முனையைப் பிடித்து இழுத்தால்
சோப்பு போட்ட விரல் மோதிரத்தை விட்டு வருவதுபோல
வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.
பிசினுக்குள் சுத்தமாக ஒரு துளை,
யாருமே குடியிருந்திராத வீடு.

பூவோடு சேர்ந்தால் நாருக்கும் மணமாம்.
பிசினோடு சேர இந்த நாருக்கு
மனமில்லை.

அதனால் காரம்.
நூற்றுக்கு ஐந்து பங்கு சோடியம் ஹைட்ராக்சைடு.
ஒரு தட்டு ஒரு மணி நேரம்,
ஒன்று இரண்டு, ஒன்று நான்கு, ஒன்று எட்டு.
எடுத்து, கழுவி, துளி வினிகர் விட்டு,
லிட்மஸ் தாள் நீலமும் சிவப்பும் சொல்லாமல்
வாயை மூடும்வரை மறுபடி கழுவி,
அறுபது டிகிரியில் காயவைத்தால்
நுண்ணோக்கியில் வேறொரு ஊர்.
மெழுகு போய், மேடுகள் பெயர்ந்து
வரிசை வரிசையாக அம்மைத் தழும்பு.
அந்தக் குழிகளில்தான் பிசின் காலூன்றும்.
இப்போது இழுத்தால் சும்மா வராது நார்;
பிசினைப் பிய்த்துக்கொண்டு வரும்,
இல்லையென்றால் அறுந்தே போகும்.
அறுந்தால் பேராசிரியர் ஜெனிவால் கைதட்டுவார்.

ஐந்தாம் தட்டை நான் சேர்க்க நினைக்கவில்லை.

ஜூன் இருபத்து மூன்று,
புனித யோவானின் நெருப்பு இரவு.
அரகாஜு முழுக்கச் சோளம் சுடும் புகை,
தெருமுனையில் அக்கார்டியன்.
மிச்ச நாரை ஒரு தட்டில் அமிழ்த்தி
அப்படியே விட்டுவிட்டு ஆடப் போய்விட்டேன்.
மூன்று நாள் கழித்துக் கதவைத் திறந்தால்
தட்டில் டிகாக்‌ஷன் நிறத்தில் காரம்.
நாரோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள்,
அத்தனை அழகு.
மெலிந்து, பிரிந்து, பஞ்சுக்கு ஒன்றுவிட்ட தங்கைபோல.

காகிதச் சட்டத்தில் ஒட்டி
எந்திரத்தின் கவ்விகளில் மாட்டி
சட்டத்தின் இரு காலையும் கத்தரித்தேன்.
முள் நகர யோசிப்பதற்குள்
அறுந்தது.
சத்தம்கூட இல்லை.
முப்பது நாரும் அப்படியே.
மெழுகு போன பிறகும் நிற்காத காரம்
உள்ளே கட்டிப் பிடித்திருந்ததையும்
அவிழ்த்துவிட்டிருக்கிறது.

"தூக்கிப் போடு" என்றார் ஜெனிவால்.
போடவில்லை.
அட்டவணையில் கடைசி வரி எழுதினேன்:
எழுபத்திரண்டு மணி நேரம். காரணம், சோளம்.
பிறகு சோளத்தை அடித்துவிட்டு மறதி என்று போட்டேன்.
நான்கு மணிவரை ஏறி, எட்டில் தயங்கி நின்ற கோடு
எங்கே போய் விழுகிறது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று காலை வாசலில்
வருகைப் பதிவு எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
ஆள் தெரியவில்லை என்றது.
துடைத்து வைத்தேன். தெரியவில்லை.
அடுத்த விரல். தெரியவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
கையுறை கேட்டு எழுதிய விண்ணப்பம்
மார்ச்சிலிருந்து யாருடைய மேஜையிலோ ஊறுகிறது.
நாருக்குக் குழி வெட்டிய அதே காரம்
என் ரேகைகளை மட்டும்
மேடு பள்ளமில்லாமல் இழைத்துவிட்டிருக்கிறது.
காவலர் வால்டெனோர் நோட்டை நீட்டினார்,
கையெழுத்துப் போடு, போ.

பின்வாசலில் நாலு சாக்கு.
"கார் சீட் ஆயிடுச்சா?"
விரலைக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
வண்டிக்கு அடியில் துழாவி
மஞ்சள் ரப்பர் உறை ஒன்றை எடுத்தான்.
இடது கைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறான்,
வலது கை கத்திக்கு.
எனக்கு வெந்தது வலது.

உள்ளை வெளியாகப் புரட்டினேன்.
சரியாக இருந்தது.